விண்கல்லை அறுக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

வெட்டிவேர்

விண்கற்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. ஆராய்ச்சி என்ற பெயரில் அறுத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து முடித்துவிடுகிறார்கள், அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்த கல்லால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

1864 மே 14 அன்று இரவு பிரான்சின் தென்மேற்கில் ஓர்கேய் என்ற ஊரைச் சுற்றிக் கற்கள் விழுந்தன. கிடைத்தது மொத்தம் 14 கிலோ அளவு. கையால் அழுத்தினாலே உதிரும் கருப்புக் கல். ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற வாயுக்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சூரியனின் வேதிக் கலவையோடு இவ்வளவு ஒத்துப்போகும் கற்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் பொக்கிஷம் போலக் காத்தார்கள். பெரிய துண்டுகள் பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தக் கல்லின் உடம்பு முழுக்க வெள்ளை நரம்புகள் ஓடுகின்றன. மக்னீசியம் சல்ஃபேட் உப்பு. இந்தக் கல் உடைந்து வந்த தாய்க் குறுங்கோளில் ஒரு காலத்தில் உப்புநீர் ஓடியதற்கு அதுதான் சாட்சி என்று பல பத்தாண்டுகள் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2001-ல் இரண்டு பேர் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். விழுந்த புதிதில் கல்லைப் பார்த்து விரிவாக எழுதியவர்கள் யாருமே வெள்ளை நரம்பைக் குறிப்பிடவில்லை! அலமாரிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே இருந்த உப்பு கரைந்து, விரிசல்களில் மறுபடி படிகமாகியிருக்கிறது. பூமியில், அருங்காட்சியகத்துக்குள்ளேயே வளர்ந்த நரம்புகள் அவை.

முழுசாக வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் கல் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. விழுந்த புதிதிலேயே பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் இந்தத் தகவலாவது மிஞ்சியது. அதனால்தான் சொல்கிறேன், கல் புதிதாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும்.

---

ஓலைச்சுவடி

வெட்டிவேர் தம்பி, நான் பல வருடம் அருங்காட்சியகங்களில் வேலை பார்த்தவன். உங்கள் எடுத்துக்காட்டு சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓர்கேய் கல்லைக் கெடுத்தது ஈரம். அப்போது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை. இன்று நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகள் இருக்கின்றன. மோசமாகப் பாதுகாத்தார்கள் என்பதற்காகப் பாதுகாப்பதே வீண் என்று சொல்லலாமா?

நான் ஒரு கல்லைச் சொல்கிறேன். 1492 நவம்பர் 7, இன்றைய பிரான்சின் அல்சாஸ் பகுதியில் என்சிஸ்ஹைம் ஊருக்கு வெளியே கோதுமை வயலில் ஒரு கல் விழுந்தது. எடை சுமார் 127 கிலோ. விழுந்த அன்றே ஊர்க்காரர்கள் சுற்றி நின்று துண்டு துண்டாக உடைத்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரி வந்து தடுத்து, கல்லைத் தேவாலயத்தில் கொண்டுபோய் வைத்தார். சில நாள் கழித்து மன்னர் மாக்சிமிலியன் வந்து தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைத் தேவாலயத்திலேயே வைக்கச் சொன்னார். பிரெஞ்சுப் புரட்சி சமயத்தில் கோல்மார் நகருக்குப் போனது, அங்கேயும் உடைத்தார்கள். பிறகு ஆய்வாளர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இன்று என்சிஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் இருப்பது சுமார் 55 கிலோ. பாதிக்கு மேல் காணோம். இவ்வளவாவது மிஞ்சியது, போதும் நிறுத்து என்று சொல்ல ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் இருந்ததால்தான்.

கல்லின் வடிவமும் ஒரு தகவல்தான் தம்பி. காற்று மண்டலத்தில் நுழையும்போது மேற்பரப்பு உருகிக் கருப்புத் தோல் உண்டாகிறது. சில கற்கள் உருளாமல் ஒரே முகமாகப் பாய்ந்து வரும். அப்போது முன்பக்கம் கூம்பாகத் தேய்ந்து, உருகிய குழம்பு பின்னோக்கி வழிந்த வரிகள் அப்படியே உறைந்துவிடும். எந்தப் பக்கம் முன்னே வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். நடுவே ரம்பம் ஓட்டினால் அது போனது போனதுதான்.

இன்னொன்றும் உண்டு. 1972-ல் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவில் எடுத்த மண்ணில் ஒரு பகுதியைத் திறக்காமலே மூடி வைத்தார்கள். முதலில் 2019-லும் அப்புறம் 2022-லும்தான் அவை திறக்கப்பட்டன. அன்றைக்கே திறந்திருந்தால் அன்றைய கருவிக்குத் தெரிந்தது மட்டும்தான் கிடைத்திருக்கும். ஐம்பது வருடம் பொறுத்திருந்த அந்தக் காப்பாட்சியர்களும் அறிவியல்தான் செய்தார்கள்.

---

கார்த்திகைப்பூ

ஒரு சின்னக் கேள்வி. உண்மையில் எவ்வளவு கல்லை வெட்டி எடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் எடுக்கிற மாதிரி சி.டி. ஸ்கேன் எடுத்தால் வெட்டாமலே எல்லாம் தெரிந்துவிடாதா?

---

கருங்கல்

கார்த்திகைப்பூ, நான் இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என்ன தேடுகிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை மெல்லிய சீவல். கல்லில் ஒரு துண்டை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்போம். அந்தத் தடிமனில் ஒளி ஊடுருவும், எந்தக் கனிமம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு சீவலை ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஐம்பது வருடம் எத்தனையோ ஆய்வகங்கள் பயன்படுத்தலாம். அயனிக்கற்றைக் கருவிகள் அதே சீவலில் சில மைக்ரான் அகலத்துக்குக் குழி பறித்து ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவைச் சொல்லிவிடும். கண்ணுக்கே தெரியாத சேதம்.

கரிமப் பொருள், அதாவது கார்பன் சேர்மங்கள், தேடுவது வேறு கதை. அமினோ அமிலம் வேண்டுமென்றால் கல்லைப் பொடித்து நீரில் கரைத்தெடுக்க வேண்டும். அந்தப் பொடி திரும்ப வராது.

1969 செப்டம்பர் 28-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் கல்லில் இன்னும் கடுமையான வேலை நடந்தது. சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களில் உண்டான துகள்களைத் தேடி, சிகாகோவில் கல்லை அமிலத்தில் கரைத்து, கரையாமல் அடியில் தங்கியதைச் சலித்தார்கள். நுண்வைரம் கிடைத்தது, சிலிக்கான் கார்பைடு கிடைத்தது. 2020-ல் அந்தச் சிலிக்கான் கார்பைடுத் துகள்களின் வயதைக் கணக்கிட்டார்கள். சில 550 கோடி ஆண்டுகளுக்கும் மேல், மிகப் பழையது சுமார் 700 கோடி ஆண்டு. நம் சூரியனுக்கு 460 கோடிதான். கல்லை அழிக்காமல் இதை அறிய இன்றுவரை வழி இல்லை.

சி.டி. ஸ்கேன் நல்ல கருவி. எங்கே வெட்டினால் கேட்டது கிடைக்கும் என்று முன்பே காட்டிவிடும், குருட்டுத்தனமாக அறுக்க வேண்டியதில்லை. கனிமங்களுக்குச் சேதம் தெரியவில்லை. ஆனால் கல் வாங்கிச் சேமித்த கதிர்வீச்சு அளவை வெப்ப ஒளிர்வு முறையில் (கல்லைச் சூடாக்கி வெளிவரும் ஒளியை அளந்து) படிப்போமே, அந்தக் கணக்கை எக்ஸ்-கதிர் மாற்றிவிடுகிறது. 2016-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஸ்கேனுக்குப் போகுமுன் ஒரு துண்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இதைவிட வருத்தமான விஷயம் காந்தம். விண்கல் தேடுபவர்கள் எல்லோரும் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள், ஒட்டிப் பார்த்தால் இரும்பு இருக்கிறதா என்று தெரியுமே. சகாராவில் கிடைத்த ‘கருப்பழகி’ என்ற செவ்வாய்க் கல் மிகப் பழமையானது, 440 கோடி ஆண்டு வயதான ஸிர்கான் படிகங்கள் அதற்குள் இருக்கின்றன. செவ்வாய்க்கு ஒரு காலத்தில் இருந்த காந்தப்புலத்தின் தடம் அதில் இருந்திருக்கலாம். 2023-ல் அதன் பல துண்டுகளைச் சோதித்தபோது, யாரோ கைக்காந்தம் வைத்துப் பார்த்ததில் அந்தத் தடம் அழிந்துபோயிருந்தது தெரிந்தது. ஒரு நொடி வேலை அது. அறுக்கவும் இல்லை, பொடிக்கவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை.

---

தென்னங்கீற்று

நம் நாட்டுப் பக்கம் பேச்சைத் திருப்புகிறேன், மன்னிக்கவும்.

வானத்திலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பிய விஞ்ஞானிகள் நம்ப ஆரம்பித்ததில் நம் கல்லுக்கும் பங்கு உண்டு. 1798 டிசம்பரில் காசிக்கு அருகே விழுந்த கற்களும், இங்கிலாந்து, இத்தாலி, பொஹீமியா பக்கம் கிடைத்த கற்களும் எட்வர்ட் ஹவர்ட் என்ற வேதியியலாளர் கைக்குப் போயின. அவற்றைக் கரைத்துப் பிரித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் நிக்கல் இருப்பதை 1802-ல் வெளியிட்டார். எங்கெங்கோ விழுந்த கற்கள் ஒரே ஜாதி என்று தெரிந்தது அப்போதுதான். அறுக்காமல் வைத்திருந்தால் கட்டுக்கதை என்றே ஒதுக்கியிருப்பார்கள்.

பிகாரில் ஷெர்கோட்டி, 1865 ஆகஸ்ட் 25. செவ்வாயிலிருந்து வந்த ஒரு பெரிய கல் வகைக்கே அந்த ஊரின் பெயர்தான். தமிழ்நாட்டிலும் பழைய மதுரை மாவட்டத்தில் 1857 பிப்ரவரி 28-ல் விழுந்த கல்லை உலகம் ‘பர்னல்லி’ என்று அறியும். இரண்டு பெரிய கற்கள். அவை கடல் தாண்டிப் போய்விட்டன, பெரியது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம்தான் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12-ல் விழுந்ததோ 100 கிலோவுக்கு மேல். எத்தனை பேருக்கு அது தெரியும்?

இந்தியாவில் விழும் கற்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைதான் வாங்கி வைக்கிறது, கொல்கத்தாவில் பெரிய தொகுப்பு இருக்கிறது. அந்த ஏற்பாடு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொடுத்த கற்களால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். 1996-ல் ராஜஸ்தானில் விழுந்த பிப்லியா கலான் கல்லில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு இருந்ததற்கான தடயத்தை அகமதாபாத் ஆய்வகத்தினர் கண்டுபிடித்து 1999-ல் வெளியிட்டார்கள். ஆரம்ப காலக் குறுங்கோள்களை உருக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நேரடிப் பதில் அது. கல்லும் நம்முடையது, ஆய்வகமும் நம்முடையது.

ஓலைச்சுவடி ஐயா கோபிக்கக் கூடாது. நான் ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) மாணவர்களுக்காக ஒரே ஒரு பழைய சீவலைப் பார்வைக்குக் கேட்டு எழுதினேன். அறுக்கச் சொல்லவில்லை, ஏற்கெனவே அறுத்து வைத்ததைத்தான் கேட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன், பதிலே வரவில்லை. எடுத்துவைக்கிறோம் என்பவர்கள், கேட்டு வருகிறவனுக்குக் காரணம் சொல்லும் கடமையையும் சேர்த்துத்தான் எடுத்துவைக்க வேண்டும்.

---

ஓலைச்சுவடி

கோபம் எதற்கு தென்னங்கீற்று. பதில் எழுதாதது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

---

நெய்தல்நிலம்

இதுவரை ஆய்வாளர், காப்பாட்சியர் என்று இரண்டு பேரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கல் விழுந்த இடத்து மக்கள் எங்கே?

அமெரிக்காவின் ஆரிகனில் கிடைத்த வில்லாமெட் இரும்புக்கல் 14 டன்னுக்கு மேல். அந்த நிலத்தின் கிளாக்கமஸ் பழங்குடி மக்களுக்கு அது தொமனோவோஸ், வானத்திலிருந்து வந்த புனிதப் பொருள். அதன் குழிகளில் தேங்கும் மழைநீரைக் குணமாக்கும் நீராகக் கருதினார்கள். 1906-ல் அது நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பிற்பாடு 1998-ல் அருங்காட்சியகமே அதன் உச்சியிலிருந்து ஒரு துண்டை அறுத்து, செவ்வாய்க் கல் ஒன்றுக்கு மாற்றாகத் தனியாரிடம் கொடுத்தது. 2007-ல் அந்தத் துண்டு ஏலத்துக்கும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். இது ஆராய்ச்சிக்காக அறுத்தது அல்ல. பாதுகாக்க வேண்டியவர்களே பண்டமாற்றுக்காக அறுத்தார்கள். 2000-ல் அந்தப் பழங்குடிக் கூட்டமைப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் கல்லின் முன் சடங்கு செய்ய வழி பிறந்தது. அதற்கு முன் 94 வருடம் போயிருந்தது.

அர்ஜென்டினாவில் எல் சாக்கோ என்ற மாபெரும் இரும்புக்கல்லை 2012-ல் ஜெர்மனியில் ஒரு கலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது மொக்கோயித் பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நமீபியாவின் ஹோபா கல் சுமார் 60 டன். 1920-ல் உழும்போது தென்பட்டது, இன்றும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆரம்பத்தில் வந்தவன் போனவன் எல்லாம் செதுக்கி எடுத்துப் போனார்கள். 1955-ல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள், பிற்பாடு சுற்றி ஒழுங்கான அரங்கமும் கட்டினார்கள். அது எந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் போகவில்லை, ஆய்வுக்கு வேண்டியதும் கிடைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த தீர்வு இதுதான்.

---

வெட்டிவேர்

நெய்தல்நிலம், ஹோபா இரும்பு. வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் நம் ஆயுளில் கரைந்துபோகாது. ஓர்கேய் மாதிரிக் கல்லைத் திறந்த வெளியில் விட்டால் ஒரு மழையில் சேறாகிவிடும். எல்லாக் கல்லுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது.

ஐயா சொன்ன நைட்ரஜன் பெட்டிக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 24-ல் பென்னு குறுங்கோளிலிருந்து 121.6 கிராம் மண் பூமிக்கு வந்தது. முதலிலிருந்தே நைட்ரஜனில் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் முடிவுகள் வெளிவந்தபோது அதில் சோடியம் கார்பனேட் வகை உப்புகள் இருந்தன. உப்புநீர் வற்றும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படியும் வரிசை அப்படியே இருந்தது. விண்கற்களில் அந்த வரிசை இப்படி முழுதாகக் கிடைத்ததே இல்லை, ஏனென்றால் அவை நம் ஈரக்காற்றில் நிலைக்காதவை. ஓர்கேயில் எதைத் தேடி ஏமாந்தார்களோ அது பென்னுவில் கிடைத்தது. இந்த ஒரு விஷயத்தில் பெட்டிக்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

ஆனால் பெட்டியை நம்பி உட்காரவும் முடியாது. ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் கொண்டுவந்த ர்யூகு குறுங்கோளின் மண் 5.4 கிராம்தான். அதிலிருந்து ஒரு துகளைப் பிரிட்டன் ஆய்வகம் ஒன்று திறந்து, பிசினில் பதித்துப் பார்த்தது. அதன் மேல் நுண்ணுயிர்கள் இழை இழையாக வளர்ந்திருந்தன. நாள் ஆக ஆக எண்ணிக்கை கூடி, அப்புறம் குறைந்தது. எல்லாம் பூமியின் நுண்ணுயிர்கள். இவ்வளவு கவனமாக வந்த துகளுக்கே இந்தக் கதி என்றால், ஊர்ப் பையன் கையிலும் அட்டைப் பெட்டியிலும் இருந்துவிட்டு வரும் கல்லை நினைத்துப் பாருங்கள்.

பென்னு மண்ணில் குறைந்தது 70 விழுக்காட்டை எதிர்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 121 கிராமில் அப்படி ஒதுக்கலாம். ஊருக்கு ஊர் கிடைக்கும் சாதாரண காண்ட்ரைட் என்ற கல் வகைக்கும் அதே கஞ்சத்தனம் தேவையா?

---

ஓலைச்சுவடி

தேவை இல்லைதான். சூளகிரிக் கல் தாய்க்கோளுக்குள்ளேயே நன்றாகச் சுட்டு இறுகிய வகை. அதில் நீரும் இல்லை, சொல்லும்படிக் கரிமமும் இல்லை. அதை முழுதாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஆராய்ச்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் போதும். ஊர்ப்பிள்ளைகள் வந்து பார்க்கட்டுமே. இரும்புக்கல் என்றால் நானே அறுக்கச் சொல்வேன்! உள்ளே இரும்பு-நிக்கல் பட்டைகள் பின்னிக்கிடக்கும் கோலம் அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால்தான் தெரியும். பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி, சில நூறு டிகிரி என்று ஆறியதால் உண்டான அமைப்பு அது. முழுக் கல்லை வெளியிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது தெரியாது. ஒன்று மட்டும், அறுத்த முகத்தில் குளோரினும் ஈரமும் சேர்ந்தால் துரு உள்ளே புகுந்து உதிர்த்துவிடும். அறுப்பவர்கள் அதோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஓர்கேயின் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். மோந்தோபான் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் அதன் துண்டு ஒன்று கண்ணாடிக் குடுவையில் மூடியபடி ஏறக்குறைய நூறு வருடம் இருந்தது. 1960-களில் திறந்து ஆராய்ந்தபோது உள்ளே கோரை வகைச் செடியின் விதைகள், நிலக்கரித் துண்டுகள்! யாரோ கல்லை நனைத்து இளக்கி, அவற்றைச் செருகி, பசை பூசி, மேலே கருப்புத் தோல் போலவும் செய்திருந்தார்கள். 1864 ஏப்ரலில்தான் விஞ்ஞானி லூயி பாஸ்டர் உயிரில்லாததிலிருந்து உயிர் தானாகத் தோன்றாது என்று பாரிஸில் பேசியிருந்தார், அடுத்த மாதம் கல் விழுந்தது. செய்தவன் எதை எதிர்பார்த்தானோ, அன்றைக்கு யாரும் குடுவையைத் திறக்கவில்லை.

இது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது. திறந்து பார்த்ததால் ஏமாற்று வெளிவந்தது. தொடாமல் வைத்திருந்ததால் அது 1864-லேயே செய்ததுதான், பிறகு கலந்தது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

---

மணற்கேணி

நீங்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆய்வகமா அருங்காட்சியகமா என்று சண்டை போடுகிறீர்கள், கல் இரண்டு இடத்துக்கும் வராமல் போய்க்கொண்டிருக்கிறது.

2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் 24.67 கிலோ செவ்வாய்க் கல் சுமார் 53 லட்சம் டாலருக்கு விலைபோனது. பூமியில் கிடைத்த செவ்வாய்க் கற்களிலேயே மிகப் பெரியது. 2023 நவம்பரில் நைஜரில் கிடைத்தது. வாங்கியவர் யார் என்று வெளியில் சொல்லவில்லை. எங்கள் நாட்டிலிருந்து எப்படி வெளியே போனது என்று நைஜர் அரசு பிறகு விசாரணை ஆரம்பித்தது. அந்த விலைக்கு எந்தப் பொது அருங்காட்சியகம் போட்டி போடும்?

புதிய கல்லுக்கு அதிகாரபூர்வப் பெயர் வேண்டுமென்றால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 விழுக்காடு, இதில் எது குறைவோ அதை ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் வைக்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் 24 கிலோ கல்லிலிருந்தும் 20 கிராம் கொடுத்தால் கணக்கு முடிந்தது. மீதி யார் வீட்டு வரவேற்பறையில் இருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

---

கருங்கல்

மணற்கேணி அண்ணா, தனியார் சேகரிப்பாளர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட வேண்டாம். ஹார்வி நினிங்கர் என்ற தனிமனிதர் அமெரிக்க ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசிச் சேர்த்த கற்களில் ஒரு பகுதியை 1958-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும், மீதியை 1960-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் வாங்கின. அவர் சேர்க்காவிட்டால் அவை வயல் ஓரக் கல்லாகவே கிடந்திருக்கும். ஆனால் ஏல விலை ஏறிக்கொண்டே போவது பெரிய பிரச்சினை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

என் ஆய்வு முழுக்க மற்றவர்கள் எடுத்துவைத்த கல்லில்தான் நடக்கிறது. அதனால் அறுப்பதா காப்பதா என்பதைவிட, முதல் சில மணி நேரம் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2000 ஜனவரி 18-ல் கனடாவில் டாகிஷ் ஏரிப் பனி மேல் கார்பன் நிறைந்த கல் ஒன்று சிதறியது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் வெறும் கையால் தொடாமல் துண்டுகளைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் எடுத்து, உறைபனி கலையாமலே வைத்திருந்தார். இன்றும் குளிரில்தான் இருக்கிறது, அதனால் அதில் கிடைக்கும் கரிமப் பொருளை ஓரளவு நம்பிப் படிக்க முடிகிறது. 2021 பிப்ரவரி 28-ல் இங்கிலாந்தின் வின்ச்கூம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் விழுந்ததை அந்தக் குடும்பம் மறுநாள் காலையிலேயே கையுறை போட்டு அள்ளிக் கொடுத்தது. அருங்காட்சியகத்திலும் வைத்தார்கள், ஆராய்ச்சிக்கும் பிரித்தார்கள். அதிலும்கூட ஆய்வகத்தில் இருந்த நாட்களில் மேற்பரப்பில் சில உப்புகள் முளைத்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

2017 ஜூன் 6-ல் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்த சுமார் 2 கிலோ கல்லும் அதே வகைதான், மர்ச்சிசனின் உறவு. இப்படி ஒன்று நம் ஊர் வயலில் நாளைக்கு விழுந்தால் என்ன செய்வது என்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காவது சொல்லி வைத்திருக்கிறோமா?

---

கார்த்திகைப்பூ

அதைச் சொல்லுங்கள் அக்கா, நான் பள்ளிக்கூட வாத்தியார்தான். பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

---

கருங்கல்

சரி, சொல்கிறேன் சார். கிடக்கிற இடத்திலேயே வைத்துப் போனில் படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் பேனாவோ நாணயமோ அளவுக்கு. அப்புறம் புது அலுமினியத் தாளை வைத்துத் தூக்கி, அதிலேயே சுற்றிப் புதுப் பையில் போட வேண்டும். வெறும் கை படக் கூடாது. தண்ணீரில் கழுவக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது. காந்தத்தைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்கவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே இருக்கட்டும், அந்த இடத்து மண்ணையும் தனியாக ஒரு பிடி எடுத்து வைத்தால் பிற்பாடு கலப்படம் எது என்று பிரித்துப் பார்க்க உதவும். நாள், நேரம், இடம் எழுதி, மாவட்ட நிர்வாகம் வழியாகப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். சூடாக இருக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் விழும்போதே ஆறியிருக்கும்.

பூ வைத்து, பால் ஊற்றிக் கும்பிடத் தோன்றினால் கல்லுக்குப் பக்கத்து மண்ணில் செய்யச் சொல்லுங்கள். யார் மனசும் நோக வேண்டாம்.

---

வெட்டிவேர்

கருங்கல் சொன்னது சரி. ஆனால் முகுந்த்புரா போன்ற ஒரு கல் வந்தால் காட்சிக்கு எதை வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என்னைக் கேட்டால் ஒரு துளிகூட வைக்கக் கூடாது. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அச்சு அசலாக ஒரு நகல் செய்து வைத்தால் போதும்.

---

ஓலைச்சுவடி

நகலைப் பார்க்கப் பிள்ளைகள் வரமாட்டார்கள் தம்பி. விழும்போதே தரையில் உதிர்ந்து மண் கலந்துபோன துண்டுகள் எப்படியும் இருக்கும், கரிம ஆராய்ச்சிக்கு அவை உதவாது. அதில் ஒரு ஐந்து கிராமைக் காட்சிக்குக் கொடுங்கள், இது மண் கலந்த துண்டு, சுத்தமானது உள்ளே நைட்ரஜனில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மீதி எல்லாவற்றிலும் நீங்கள் சொன்னபடி ஆகட்டும். இந்த ஐந்து கிராமை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.